பத்து கிலோமீட்டர்

இந்தூருக்கு ஆயிரத்து ஐந்நூறு.
அதை நான் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன்.
நாலு போன், ஒரு அட்வான்ஸ்,
மூடிய கன்டெய்னரா திறந்த டிரெய்லரா என்று ஒரு சண்டை.
மூடியதுதான் வேண்டும் என்றார் வாங்குகிற பல் டாக்டர்,
ஒரு சொட்டு மழை படக் கூடாதாம்.
அறுபத்து நாலிலிருந்து ராயபுரத்தில் நனைந்த ஹெரால்டு அது.
நான் சொல்லவில்லை.
என் கமிஷன் ரெண்டு பர்சென்ட்.

படிவத்தில் ஒரு கேள்வி: வண்டி ஓடுமா?
இமாகுலேட் டீச்சரைப் பார்த்தேன்.
‘ஓடும்’ என்றார்.
‘நிக்கத்தான் கொஞ்சம் யோசிக்கும்.’
பிரேக் சுமார் என்று எழுதிக்கொண்டேன்.

மதிப்பு என்று இன்னொரு கட்டம்.
இன்சூரன்ஸ்காரர் ஒரு தொகை, டாக்டர் ஒரு தொகை.
டீச்சரைக் கேட்டால்
அது அடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வாடகை சொல்கிறார்:
மூணு டூவீலர், தலைக்கு ஐந்நூறு,
எத்தனை வருஷம் என்று நீயே போட்டுக்கோ.

எல்லாம் முடிந்தது என்று பேனாவை மூடினேன்.
நாற்பதடி கன்டெய்னர் உங்கள் சந்துக்குள் வராது,
மாதவரம் வரைக்கும் நீங்களே கொண்டுவந்து விட்டுடுங்க
என்றார் புக்கிங் கிளார்க்,
எதிர்த்த கடையில் டீ சொல்வதுபோல.

ராத்திரி பதினொன்று.
ஸ்டியரிங்கில் மெக்கானிக் தனிஸ்லாஸ், பக்கத்தில் நான்,
என் மடியில் பேட்டரி.
பின்விளக்கு எரியவில்லை.
அதனால் டீச்சர் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தார்
ஹெரால்டின் சிவப்பு விளக்காக.

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ்.
பெட்டிகளை எண்ண ஆரம்பித்து
நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன். ஹெரால்டு கொதித்தது.
மற்ற வண்டி மாதிரி இதற்கு பானெட் மட்டும் திறக்காது,
விளக்கு, மட்கார்டு, மூஞ்சி மொத்தமும்
முன்பக்கம் கவிழும், முதலை கொட்டாவி விடுவதுபோல.
உடனே கூட்டம்.
‘இன்னா தலீவா, ஷூட்டிங்கா?’
‘மைலேஜ் இன்னா குடுக்கும்?’
மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் இறங்கி
டயரை உதைத்துப் பார்த்தார், விலை பேச வந்தவர்போல.
பக்கத்தில் மெட்ரோ வாட்டர் லாரி
எப்படியும் ஒழுகிக்கொண்டுதான் நின்றது.
அதன் டிரைவர் ஒரு பக்கெட் பிடித்துக் கொடுத்தார்.
எந்தத் தெருவின் பக்கெட்டோ.
ரேடியேட்டர் அதைக் குடித்த சத்தம்
கூட்ஸ் சத்தத்தை மீறிக் கேட்டது.

கொடுங்கையூரில் ஜன்னலை ஏற்றப் பார்த்தோம்.
கைப்பிடி கையோடு வந்துவிட்டது.
குப்பைமேட்டின் காற்று உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு
மூலக்கடை தாண்டியும் இறங்கவில்லை.
அதுவும் இந்தூர் போகும், மூடிய கன்டெய்னரில்,
மழைத்துளி படாமல்.

மாதவரத்தில் மணி ஒன்றரை.
டிரைவர் கேசாராம், நாகௌர் பக்கம்.
எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் ரேட் இந்தி.
அவர் ஒன்றும் பேசவில்லை.
கயிறு போடுமுன் கழுத்துத் துண்டை எடுத்து
குரோம் பம்பரின் மேல் மடித்து வைத்தார்,
அதன் பிறகுதான் இறுக்கினார்.
மூணு நாள் ரோட்டில் அவர் எதில் முகம் துடைப்பார்
என்று படிவத்தில் கட்டம் இல்லை.

‘டேங்கில் எவ்வளவு இருக்கு?’ என்றார் சூப்பர்வைசர்.
ஒரு லிட்டருக்கு மேல் இருந்தால் ஏற்றக் கூடாதாம்.
டியூபைப் போட்டேன், உறிஞ்சினேன்.
வாய் நிறைய ஹெரால்டு.
நான் காறித் துப்பிக்கொண்டிருக்க
டீச்சர் கேனைப் பிடித்தார், ஒரு சொட்டு சிந்தாமல்.
நாலு லிட்டர்.
கன்டெய்னர் கதவு சாத்தும் சத்தத்துக்கு
அவர் தலையைத் திருப்பவில்லை,
கேனின் மூடி சரியாகத் திருகவில்லை.

பிங்க் காப்பி எனக்கு. கார்பன் விழவே இல்லை.
ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கி
அங்கேயே மொத்தத்தையும் ஊற்றினார்.
‘காலைல எனக்கு ஃபர்ஸ்ட் பீரியட்’ என்று சொல்லி
உதைத்துக் கிளப்பினார். உடனே கிளம்பியது.

ரெண்டு நாளைக்கு எனக்கு
எந்த டீயும் டீயாக இல்லை.